ஒரு தாய் மரத்துக் கன்றுகள்

என் உயிர் ஜமீலாவுக்கு,

நீ எங்களை விட்டுப் போன பிறகு வந்திருக்கும் முதல் மழைக்காலம் இது. செம்பூர் நர்சரியில், நாம் பைகளில் மண் நிரப்பிய கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எதிர்க் குடியிருப்பில் நின்ற அசோக மரத்தைக் கோடையில் வெட்டிவிட்டார்கள். புதுக் கட்டடம் வருகிறதாம். அதற்கு முன்பே, மருந்துக்கென்று பட்டை உரித்தவர்கள் அதைப் பாதி கொன்றிருந்தார்களே! கத்தியோடு நின்றவன் கையைப் பிடித்து, "சுத்தி உரிச்சா மரம் செத்துரும்லா! பொறவு மருந்துக்கு எங்க போவ?" என்று கத்தினாய். இந்த ஊர்க்காரனான அவனுக்குத் தமிழ் தெரியாது. கோபம் புரிந்தது.

காடுகளிலும் இப்படித்தான் அசோகம் அருகிவிட்டது. நெட்டிலிங்க மரத்தையே அசோகா என்று வாங்கிப்போகும் ஊரில் இதை யார் கேட்பார்கள் என்றார் நர்சரி முதலாளி. நீ விடவில்லை. அந்த மரத்தின் விதைகளை நாம் காயவைத்து எடுத்துவைத்தோம், காய்ந்ததும் உயிர் போய் அவை முளைக்கவில்லை. போன மழைக்காலத்தில், காய் வெடித்த அன்றே மணலில் ஊன்றினாய். முளைத்தன.

அதற்குள் நீ படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்ததும், "ஏட்டி செல்வி, புள்ளையள் நல்லா இருக்கா?" என்று கன்றுகளைக் கேட்டாய். உன் மகள் ருக்சானா தன்னைத்தான் கேட்கிறாய் என்று நினைத்து, "நான் டீக்தாம்மா இருக்கேன்" என்று இந்தி கலந்து சொன்னாள். மூவரும் சிரித்தோம். வலியை மறைக்கத்தான் அப்படிச் சிரித்தாயா?

சில கன்றுகள் அழுகிப்போயின. மீதி முழங்கால் உயரம் வந்துவிட்டன. போன வாரம் ஐரோலியில் ஒரு கல்லூரித் தோட்டத்தில் நட்டோம். ருக்சானாவே குழி வெட்டினாள். அங்கே தாவரவியல் சொல்லித்தரும் அம்மா சந்தோஷப்பட்டார். ஒரு கவலையும் சொன்னார். எல்லாமே ஒரு தாய் மரத்துக் கன்றுகள், ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடலாம், வேறு மரங்களின் விதையும் வேண்டும் என்றார்.

ரயிலில் திரும்பும்போது ருக்சானா, அம்மாவின் சகோதரியை அழைப்பதுபோல் என்னை அழைத்துக் கேட்டாள்: "செல்வி மாசி, கொங்கண் காட்டுல இன்னும் அசோக மரம் இருக்காம். நாம போலாமா?" நீ போன பிறகு அவளாக எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

வனத்துறை அனுமதி கிடைத்துவிட்டது. நாளை கிளம்புகிறோம். விழுந்த விதைகளில் கொஞ்சம் மட்டும் பொறுக்குவோம், ஒரு பட்டையிலும் கை வைக்க மாட்டோம். திரும்பியதும் ஊன்றிவிடுவோம். வழியில் அவள் உன்னை நினைத்து அழுதால் தடுக்க மாட்டேன் ஜமீலா. பக்கத்திலேயே இருப்பேன்.

உன் மகளுக்கு மாசி,
உனக்குக் கூடப்பிறக்காத சகோதரி,
செல்வி