வாழி என்றது வா என்றானது

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைத்தான் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

தம்பிக்கு வேலை உறுதியாகிவிட்டது, முதல் நாளே மேலாளரை வாய்தவறி மாமா என்று கூப்பிட்டு மானத்தை வாங்கியிருக்கிறான். நீ அனுப்பிய ஏரிப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தும்போது படித்தேன். ‘நீலம் விரிந்த நெடுநீரே வாழி, கோலம் புனைந்த குளிர்நீரே வாழி’. நீலம், கோலம் என்று எதுகை, நீலத்துக்கு நெடுநீர் மோனை, அடிக்கு நாலு சீர், அடிதோறும் முடிவில் வாழி. என் மகளாக்கும் என்று கணக்கு டீச்சரிடம் பீற்றிக்கொண்டேன். கடைசிப் பகுதியில் எதுகையே இல்லை, நாலு சீர் மூன்றாகி, இரண்டாகி, கடைசி அடியில் ஒரே சொல். வாத்தியார் புத்தி, சிவப்புப் பேனாவால் ‘சீர் குறைகிறது’ என்று ஓரத்தில் எழுதினேன். வீட்டுக்கு வந்து துணி மடிக்கும்போதுதான் உறைத்தது. பள்ளி நாளிலேயே நீ சீர் தவறாதவள். வாழி என்று வந்ததெல்லாம் அங்கே வெறும் வா ஆகியிருக்கிறது. வா, வா, வா. அதுவரை ஏரியை நீ வாழ்த்தினாய், அங்கே ஏரி உன்னைக் கூப்பிடுகிறது.

உன் போன் அணைந்திருக்கிறது. நீ குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவைப் போனில் பிடித்தேன், “சாயங்காலமானா ஏரிக்கரையில தனியா நிக்குதுங்க உங்க பொண்ணு, கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்குது” என்றார். அவரை உன்கூடவே இருக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். அப்பா முதலில் “பாட்டு நல்லாத்தானே இருக்கு, சும்மா பயமுறுத்தாதே” என்றார். பிறகு வாய்விட்டுப் படித்தார், கடைசி அடிக்கு வந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு இப்போது பையில் சட்டையைத் திணித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பேச வராது, அதனால் இதைக் கையில் கொடுத்தனுப்புகிறேன். என்ன நடந்தது என்று கேட்க மாட்டார், நீ சொன்னால் கேட்பார், சொல்லாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். டாக்டரிடம் கூட்டிப் போவார், முரண்டு பிடிக்காதே.

அப்பா வந்து சேரும்வரை ஏரிப் பக்கம் போகாதே என்று மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், பார். நீ இதைப் படிக்கிறாய் என்றால் அவர் வந்து சேர்ந்துவிட்டார். படிக்க வேண்டும் கண்ணு, நீ இதைப் படிக்க வேண்டும்.

தீர்க்காயுசாக இரு. அப்பாவுக்குச் சர்க்கரை, வேளைக்குச் சாப்பிட வை, நீயும் கூட உட்கார்ந்து சாப்பிடு.

உன் வரவுக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கும்,
அம்மா