எழுபதைத் தொட்டால் நடுக்கம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் வந்தது. லேபில் வேலை முடிந்து புறவழிச்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். வேகம் எழுபதைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். துணி துவைக்கும் மெஷின் கடைசிச் சுற்றில் ஆடுமே, அப்படி. அறுபதுக்கு இறங்கினால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறது. மேடு பள்ளத்தில் ஏறினால் தொம் தொம் என்று வேறொரு சத்தம். இவை போதாதென்று ஏசிக்குள் ஏதோ ஒன்று நறநறவென்று பல்லைக் கடிக்கிறது.

வண்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதுசு என்றே சொல்லலாம். வெளிநாட்டுக்குக் கிளம்பிய பல் டாக்டர் ஒருவர் விற்றது. பின் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை.

யாரிடம் கேட்பது? வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், என் வீட்டுக்காரர், வேலை பார்த்த காலம் முழுக்க பஸ் ஓட்டியவர். அவரிடம்தான் வாய் திறக்க முடியவில்லை. நடுப்பார்வை மங்கிவிட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று கண் டாக்டர் சொன்ன நாளிலிருந்து இவர் வாசலைத் தாண்டுவதில்லை. இவரை வெளியே கொண்டுவரத்தான் இந்த வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன், வண்டியும் வாங்கினேன். வாங்கிய அன்று கூட வந்ததோடு சரி. கண்ணில் ஊசி போட்டுக்கொள்ளக்கூட வாடகைக் காரில்தான் போகிறார். என் பக்கத்தில் உட்கார மனசு வரவில்லை. எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய்.

மார்ச் 6, வியாழன்

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டை கட்டிய தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவையே ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். அந்தச் சந்தில் முப்பதுக்கு மேல் யார் போக முடியும்? "எல்லாம் நார்மல் மேடம். புதுசா ஓட்டறவங்களுக்கு அப்படித்தான் தோணும்." வீட்டில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அடுத்த முறை அழைத்து வரச் சொன்னான்.

நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே தெரியாத நரம்பைக்கூட விரலால் தேடிப் பிடித்து ரத்தம் எடுக்கிறவள் நான். என் விரலுக்கு நடுக்கம் எது, நார்மல் எது என்று தெரியாதா?

போனில் மகளிடம் சொன்னேன். வண்டியைத் தலையைச் சுற்றி எறிந்துவிட்டு வேறு வேலையைப் பார் என்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

நடுக்கம் வண்டிக்கா, எனக்கா?

மார்ச் 9, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன், நாளைக்குப் படித்தால் எனக்கே நம்பிக்கை வராது.

மதியம் சாப்பிடும்போது, வண்டியை விற்றுவிடலாமா என்று பார்க்கிறேன் என்று பொதுவாகச் சொன்னேன். இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. போனில் மகளிடம் நான் புலம்பியது காதில் விழுந்திருக்க வேண்டும், "நடுக்கம் கையில வருதா, உட்கார்ற இடத்துல வருதா?" என்றார்.

உட்காருகிற இடத்தில்தான் என்றேன்.

"கையில வந்தா முன் சக்கரம். உட்கார்ற இடத்துல வந்தா பின்னாடி." மறுபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். கை கழுவி வந்தவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வண்டிய எடு" என்றார். பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

பின்னால் ஏறுவாரோ என்று பயந்தேன். முன் கதவைத் தடவித் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் ஏசி. காற்றைக் கூட்டு, குறை என்றார். பிறகு எதிரே இருக்கும் பெட்டியை விரலாலேயே தடவிக் கழற்றி, உள்ளே கைவிட்டு ஒரு காய்ந்த இலையை எடுத்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். பல்லைக் கடித்தது அதுதான். அதை அவர் மடியில் வைத்துக்கொண்ட விதத்தைப் பார்க்க வேண்டுமே, மெடல் வாங்கினவர் மாதிரி.

பிறகு புறவழிச்சாலை. டிக்கியில் இருந்த குடை, தண்ணீர்க் கேன், ஜாக்கி எல்லாவற்றையும், சத்தம் அவற்றாலா என்று பார்க்க, வீட்டிலேயே இறக்கி வைக்கச் சொல்லியிருந்தார். கண்ணாடியை ஏற்றினேன், இறக்கினேன். எழுபது வந்ததும் நடுக்கம் ஆரம்பித்தது. "நியூட்ரல்ல போடு" என்றார். போட்டேன். இன்ஜின் அடங்கியும் நடுக்கம் அடங்கவில்லை. அப்படியானால் இன்ஜின் இல்லை, சக்கரம்தான் என்றார். வண்டியை ஓரம்கட்டியதும் பின் சீட்டுக்கு மாறி, இரண்டு உள்ளங்கையையும் சீட்டில் பதித்து, கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி எழுபது. கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தேன். எத்தனை மாதமாயிற்று இவர் முகத்தில் யோசனை ஓடி.

"இடது பின் சக்கரம். எழுதி வச்சுக்கோ."

எழுதிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

காலையில் யாரும் சொல்லாமலேயே இவர் சவரம் செய்துகொண்டார்.

மார்ச் 12, புதன்

எல்லாம் போச்சு. என் வாயாலயே கெட்டுது.

மூன்று நாளாகச் சாயங்காலம் சாயங்காலம் இரண்டு பேரும் 'டெஸ்ட்' போகிறோம். அந்தத் தொம் தொம் சத்தம் மட்டும் இவருக்குப் பிடிபடவில்லை. அந்த எரிச்சலை என் மேல் காட்டினார். கிளட்ச்சை ஏன் மிதிச்சுட்டே இருக்கே, அது என்ன தையல் மெஷினா, பிரேக் இப்பவா போடறது, அந்த லாரி கிட்ட ஏன் ஒட்டறே. நான் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்னால் இவர் கால் தரையை மிதிக்கிறது. சிக்னலில் வண்டி நின்றுபோயிற்று. பின்னால் எல்லாரும் ஹார்ன் அடிக்கிறார்கள்.

"அப்படின்னா நீங்களே வந்து ஓட்டுங்களேன்"னுட்டேன்.

சொல்லியிருக்கவே கூடாது. யார்கிட்ட என்ன சொல்றோம்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம் இல்ல? அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் அவர் முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வச்சிருந்தார். பேசவே வேண்டாம், திட்டியாவது இருக்கலாம். இறங்கும்போது கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

மார்ச் 13, வியாழன்

இவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. நானும் லேபில் ஒரு பெரியவர் கையில் இரண்டு தடவை குத்திவிட்டேன். எனக்கு அப்படி ஆகவே ஆகாது.

மார்ச் 14, வெள்ளி

காபி கொடுக்கும்போது மன்னிப்புக் கேட்டேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, "உன் கிளட்ச்சைச் சொன்னேன், உன்னைச் சொல்லல" என்றார். பாதிக் காபி உள்ளே போன பிறகு, "நாளைக்கு டயர்க் கடைக்குப் போகணும். நீதான் ஓட்டணும்" என்றார்.

வயிற்றில் பால் வார்த்தார்.

மார்ச் 15, சனி

டயர்க் கடையை நடத்துவது ஒரு பெண்மணி. எல்லாருக்கும் 'அக்கா'. கிரீஸ் படிந்த பேன்ட், காதில் செருகிய பென்சில். சர்வீஸ் சென்டர் தம்பி போல இல்லாமல் முழுதாகக் கேட்டுக்கொண்டார். இவர் இடது பின் சக்கரம் என்று சொன்னதும் வேறு எதையும் தொடவில்லை, நேரே அதைத்தான் கழற்றினார்.

ரிம்மின் உட்பக்கம் ஒரு கைப்பிடி சிமென்ட், கல்லாக இறுகிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தெருமுனையில் வீடு கட்டுகிறார்கள். அந்தச் சுவரோரம் நிழல் இருக்கிறதே என்று தினமும் அங்கேதான் நிறுத்துகிறேன். சிமென்ட் கரைசல் தெறித்து உள்ளே இறங்கிக் காய்ந்திருக்கிறது. வேகம் பிடித்ததும் ஒரு பக்கக் கனத்தோடு சக்கரம் சுற்றினால் வண்டி நடுங்காமல் என்ன செய்யும்? அக்கா உளியால் தட்டித் தட்டி எடுத்தார். "அண்ணா கரெக்டா சொல்லிட்டீங்க" என்றார். இவர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

அதோடு நின்றிருந்தால் நல்ல நாள் என்று முடித்திருப்பேன். சக்கரத்தை மாட்டிவிட்டு அக்கா காற்று பார்த்தார். முகம் மாறியது. அடுத்த சக்கரத்தையும் பார்த்தார். நான்கிலும் ஐம்பதுக்கு மேல். முப்பத்துமூன்று போதுமாம். "இது கார்ங்க. யாரு இவ்வளவு காத்து அடிச்சது?" தொம் தொம் சத்தத்துக்குக் காரணம் அதுதான், டயர் கல் மாதிரி இருந்தால் ஒவ்வொரு பள்ளமும் அப்படியே உள்ளே இடிக்கும்.

எனக்கு உடனே நினைவு வந்தது. வண்டி வாங்கிய அன்று பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். நான் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர்தான் இறங்கிப் போய்க் காற்று அடிக்கச் சொன்னார்.

நான்தான் அடிக்கச் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இப்போதுதான் வெளியே வந்த மனுஷன், இதில் மறுபடி உள்ளே போய்விடுவாரே என்று பயம். அதற்குள் இவர் பேசிவிட்டார்.

"நான்தான்மா. பஸ்ஸுக்கு அடிக்கிற பழக்கத்துல நல்லா டைட்டா அடின்னுட்டேன். கதவோரம் ஒட்டியிருக்கிற காத்து அளவு ஸ்டிக்கர என்னால படிக்க முடியல. இவகிட்ட படிக்கச் சொல்லிக் கேட்கவும் எனக்கு மனசு வரல."

நல்லவேளை, அக்கா கேட்டார், ஏறப்போறவங்க ஐம்பது பேர்னு நினைச்சீங்களா அண்ணா என்று. இவர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, கடைசியில் சக்கரத்தில் கை ஊன்றிக்கொண்டு. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த அக்கா நன்றாக இருக்க வேண்டும். அவர் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும்.

புறப்படும்போது கதவோர ஸ்டிக்கரை இவருக்கு நான் உரக்கப் படித்துக் காட்டினேன். இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார்.

மார்ச் 16, ஞாயிறு

எழுபது. எண்பது. வண்டி வெண்ணெயாகப் போகிறது. இனி சத்தம் இல்லை. அப்படியானால் இவருக்கு வண்டியில் என்ன வேலை?

மார்ச் 19, புதன்

பயந்தது போலத்தான். திங்கள் கூப்பிட்டேன், நேற்றும் கூப்பிட்டேன். எதற்கு, அதுதான் சரியாகிவிட்டதே என்றார். இன்று லேபிலிருந்து வந்ததும் வராததுமாக, மறுபடி ஏதோ சத்தம் வருகிறது என்றேன். கூசாமல் சொன்னேன்.

உடனே செருப்பைத் தேடினார். புறவழிச்சாலையில் சீட்டில் கை பதித்துக் கவனித்தார். ஒன்றும் இல்லையே என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனால் வரும் என்றேன். ஏரிக்கரை வரை போனோம். அங்கே வறுத்த கடலை வாங்கித் தின்றோம். தண்ணீர் மங்கலாக, ஆனால் வெளிச்சமாகத் தெரிகிறது என்றார். திரும்பும் வழியில் சாவகாசமாகக் கேட்டார்.

"இந்தச் சத்தம் நாளைக்கும் வருமா?"

வரும் என்றேன். "சரி, ஆறு மணிக்குக் கிளம்பி இருக்கேன்" என்றார்.

கடவுளுக்கு நன்றி சொல்வதா, சிமென்டுக்கா?

ஏப்ரல் 2, புதன்

கண் ஊசிக்கு நம் வண்டியிலேயே போய் வந்தோம். ஆஸ்பத்திரியில் எனக்குத்தான் பயம், இவர் தைரியமாக இருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பினார்கள்.

வரும்போது லாரிகள் அதிகம். ஒன்றை ஒட்டி முந்தினேன். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் தலை சாய்ந்திருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அடுத்தவர் ஓட்டும் வண்டியில் இவர் கண் அசந்ததே இல்லை. ரயிலில்கூட டிரைவருக்குத் துணையாக விழித்திருப்பவர்.

எங்கள் தெருத் திருப்பம் வந்தது. நான் திரும்பவில்லை. புறவழிச்சாலையை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு மெதுவாக வீட்டுக்கு வந்தேன்.