அரைப்பேர் போதும், அப்பா

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது முழு உண்மை இல்லை என்பதால் இந்த வரிக்கே கால் மணி நேரம் போய்விட்டது. போனில் நீங்கள் “ம்” என்கிறீர்கள். நானும் “ம்” என்று வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

இராமர் மாமா நேற்று பேசினார். அம்மாவின் கருமாதி முடிந்து ஆறு வாரமாக நீங்கள் தோட்ட வேலைக்குப் போகவில்லையாம். “தொரை ரெண்டு தடவ கேட்டுட்டாரு பிள்ள. செக்ரோல் புத்தகத்துல இருந்து அப்பா பேர வெட்டிருவாங்க. நான் எத்தன நாளைக்குத்தான் காய்ச்சல்னு சொல்றது?” என்றார். உங்களைத் திட்டவில்லை அப்பா.

உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. இங்கே நானும் அப்படித்தான் இருந்தேன். காலையில் விழித்தாலும் எழும்ப மனம் வராது. கடலோரம் ரயில் போவதை எண்ணிக்கொண்டே படுத்திருப்பேன். மூன்றாவது ரயிலுக்குப் பிறகு வேறு வழியில்லாமல் எழுந்து ஓடுவேன்.

எங்கள் மொழிபெயர்ப்புக் கந்தோரில் என்ன வேலை என்று முன்பு கேட்டிருந்தீர்களே. பிறப்பு, திருமண, இறப்புப் பத்திரங்களைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றி அடிப்பதுதான். போன மாதம் யாரோ ஒரு அம்மாவின் இறப்புப் பத்திரம் வந்தது. அடித்து முடித்து, சீல் குத்தக் கொடுத்தேன். பக்கத்து மேசை ஷபீகா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “புள்ள, இது யாருட பேரு?” என்று மெதுவாகக் கேட்டாள். பெயர் என்ற இடத்தில் பழனியம்மா என்று அடித்திருந்தேன், அப்பா. நம் அம்மாவின் பெயரை.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். எங்கள் முதலாளி ஸ்ரனிஸ்லாஸ் சேர் தாளை வாங்கிக் கிழித்தார். “எங்கட சீல் மை மலிவு மை பிள்ளை, கண்ணீர் பட்டா ஊறிப்போகும். இறப்பெல்லாம் ஷபீகாட்ட குடும். நீர் கொஞ்ச நாளைக்குப் பிறப்புகள அடியும்” என்றார்.

அன்றைக்கு அம்மாவின் நினைவு வந்தது. நான் சாதாரண தரம் எழுதிய வருடம், காய்ச்சலோடு தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனாரே. கொழுந்து நிறை குறைந்தது. கங்காணி அரை நாள் சம்பளம்தான் என்று அரைப்பேர் போட்டார். கூடப் படிக்கிற பிள்ளைகளின் முன்னால் எனக்கு வெட்கமாகிவிட்டது. “அரைப்பேருக்கா போனீங்க? படுத்திருக்கலாமே” என்று கத்தினேன். அம்மா சிரித்தார். “அரைப்பேருன்னாலும் மலைக்குப் போயிட்டு வந்தாத்தான் ராத்திரிக்குச் சோறு எறங்கும், போடி” என்றார்.

இப்போது நானும் அரைப்பேர்தான். முடியாத நாளில் ஐந்து பிறப்புப் பத்திரம் மட்டும். நேற்றுப் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை எழுத்து எழுத்தாக அடிக்கிறேன். ஐந்து முடிந்தால் சில நாள் ஆறாவதும் வருகிறது. வராத நாளில் விட்டுவிடுகிறேன். வியாழக்கிழமை அந்த அம்மாவின் இறப்புப் பத்திரம் ஆங்கிலப் பிரதிக்காக மறுபடி வந்தது; அதை நானே கேட்டு வாங்கி, சரியான பெயரோடு அடித்துக் கொடுத்தேன்.

அப்பா, கவ்வாத்துக் கத்தியைத் தீட்ட வேண்டாம். ஒரு நிரைத் தேயிலைச் செடி முழுக்க வெட்ட வேண்டாம். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் இராமர் மாமாவின் பக்கத்தில் நின்றால் போதும். அரைப்பேர் விழட்டும்.

முத்திரை ஒட்டி, என் விலாசம் எழுதிய உறை ஒன்று இதோடு இருக்கிறது. நீங்கள் பெரிதாக எதுவும் எழுத வேண்டாம். பெரட்டுக்குப் போன அன்றைக்கு ‘அரை’ என்று ஒரு சொல் எழுதிப் போடுங்கள். அதை என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொள்வேன்.

மலையில் இப்போது மழையாக இருக்கும். அம்மாவின் கம்பளியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்களாம். எடுத்துப் போர்த்திக்கொண்டு போங்கள், அப்பா. நனைந்துவிடாதீர்கள். எனக்கு நீங்கள் வேண்டும்.

உங்கள் மகள்,
சுதர்சினி