சீராக வந்த மைனா

ஜூன் 4, 1996, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. நான் பெருக்கும் பஜார் ரோடு முழுக்கச் சேறு. துடைப்பம் பாதியாகத் தேய்ந்தாச்சு. புதுசு கேட்டால் அடுத்த மாதமாம். அதுவரை கையால் பெருக்கணும்போல.

மருமகள் வள்ளி வந்து ஒன்பது நாள். சீராகப் பாத்திரம், மெத்தை, கூடவே ஒரு கன்னி நாய். கோவில்பட்டிப் பக்கம் கல்யாணப் பெண்ணோடு கொடுத்தனுப்புகிற வழக்கமாம். முயல் பிடிக்கிற ஜாதி. கறுப்பு, ஒட்டின வயிறு, நீளக் கால். பெயர் மைனா. இந்த மலையாள ஊரில் நம் வீடு ஒன்றரை அறை. சந்தில் ஆளைவிட ஆடு அதிகம். சம்பந்தி எல்லாம் பார்த்துவிட்டுத்தானே போனார்?

குழாயடியில் கட்டியிருக்கிறது. சோறு தொடவில்லை. வள்ளியும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் 6, வியாழன்
கயிறு அறுந்தது. பக்கத்து வீட்டு ஆமினா இத்தாவின் சினை ஆட்டை மைனா விரட்ட, ஆடு ஓடையில் விழுந்து முழங்காலில் சிராய்ப்பு. கடிக்கவில்லை, நல்லவேளை.

"சேச்சி, ஆட்டுக்கு எதாச்சும் ஆயால் ஞான் சும்மா இருக்கில்ல, கேட்டோ!"

மஞ்சள் பற்று நானே போட்டேன். திட்டிக்கொண்டே சாயா கொடுத்தார்.

மகன் முருகன் முடிவு பண்ணிவிட்டான். மிளகாய் இறக்க வரும் கோவில்பட்டி லாரி சனிக்கிழமை திரும்பும், அதில் மைனாவை ஏற்றிவிடுவது. நானும் சரி என்றேன். அதுவரை சங்கிலி.

வள்ளி பாத்திரம் கழுவியபடி, "கட்டிப் போட்டா இப்படித்தான் அத்தை. எங்க ஊர்ல காலையில ஒரு ஓட்டம் விட்டுட்டா, பொழுதுக்கும் பிள்ளைக மடியில கெடந்து தூங்கும்" என்றாள். இந்த வீட்டில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

ஜூன் 7, வெள்ளி
வாங்க: சோப்பு, வெற்றிலை, மஞ்சள் (ஆட்டுக்கு).

காலை வேலைக்குக் கிளம்பும்போது மைனா பார்த்த பார்வை. கதவைச் சாத்த மனசு வரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, வள்ளியையும் எழுப்பிக் கூட்டிப்போனேன். ஆடுகளை அவிழ்க்காத நேரம். கிடங்கெல்லாம் பூட்டு, ரோட்டில் ஆளில்லை. சங்கிலியைக் கழற்றினேன்.

அம்மாடி, என்ன ஓட்டம்! படகுத்துறை வரை போய்த் திரும்பி, மறுபடியும். பின்னாலேயே வள்ளி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. அவள் சிரித்து இன்றுதான் கேட்டேன். மலையாளம் தெரியாத பிள்ளை, சந்து தாண்டாதே என்று சொன்னது நான்தான். நாயைக் குழாயடியில் கட்டினேன், இவளை அடுப்படியில். வெட்கமாகப் போய்விட்டது. துடைப்பத்தைப் பிடித்தபடி கொஞ்சம் அழுதேன்.

பகல் முழுக்க மைனா வள்ளி மடியில். இத்தாவின் ஆடு வாசலில் வந்து கத்தியது. மைனா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பகலில் சங்கிலி வேண்டும்தான், நம்ப முடியாது. இரண்டு பேர் தட்டிலும் சோறு காலி.

லாரி வேண்டாம், மைனா இங்கேயே இருக்கட்டும் என்றேன். முருகன்: "தினம் யாரும்மா ஓட்டிட்டுப் போவா?"
"நான் தினம் பஜாருக்குத்தானேடா போறேன். வள்ளியும் வருவா."
முறைத்தான். முறைக்கட்டும்.

ஜூன் 8, சனி
மழை இல்லை. லாரி வந்தது. டிரைவர் சாக்கு விரித்து இடம் பண்ணி வைத்திருந்தார், பாவம்.

"நாய் எங்கம்மா?"

"தூங்குது. சம்பந்திகிட்ட சொல்லிடுங்க, பொண்ணுங்க ரெண்டும் இங்க சௌக்கியம்னு."