பத்து நிமிஷத்தில் கூப்பிடுகிறேன்

கம்பம்,
12.8.2005

அன்பு மகள் நிலோபருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் உன் அத்தாவும் இங்கே சுகம். அடுத்து உன் சுகத்தைக் கேட்பதுதான் முறை. கேட்க வேண்டிய அன்று கேட்காதவள் இப்போது எந்த முகத்தோடு கேட்பேன்? இருந்தாலும் கேட்கிறேன். தையல் பிரித்தாயிற்றா, காய்ச்சல் இல்லையே? வாளியை நீ தூக்காதே, மாப்பிள்ளை தூக்கட்டும்.

உனக்கு ஆபரேஷன் நடந்ததே நேற்றுதான் எனக்குத் தெரியும். உத்தமபாளையத்தில் ஒரு நிக்காஹ் வீட்டில் உன் மாமியார், "மகளுக்கு குடல்வால அறுத்திருக்காக, நீங்க என்னடான்னா இங்கன கம்ப்யூட்டர் படிக்கிறீகளாமே சம்பந்தி" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். முன்பே தெரிந்தவள்போல நான் தலையாட்டினேன். அந்தப் பொய்யையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

போன ரமலானுக்கு வந்தபோது நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுவிட்டுப் போனாய். இதுல இருக்கிற, நெட்டு வழியா பேசுற புரோகிராம் பழசு, புதுச நீங்களே கம்பைல் பண்ணிக்கோங்கம்மா, கடைப்பொடி வாங்காம மல்லியும் வத்தலும் வாங்கி மில்லுல திரிச்சுக்கிற மாதிரிதான் என்றாய். திரிப்பது சுலபமாக இல்லை. துணைக்கு லைப்ரரி என்று ஒன்று வேண்டுமாம், அது இல்லை என்று நிற்கும், அதை இறக்கிக் கொடுத்தால் அதற்கு இன்னொன்று வேண்டும் என்னும். சம்பந்தம் பேசப் போனால், பெரியத்தாவைக் கேளுங்கள் என்பார்கள், அவர் மாமாவைக் கேளுங்கள் என்பார், அந்தக் கதைதான். நெட்டும் போன் லைனில்தானே வருகிறது, இறக்குகிற நேரமெல்லாம் லைன் அடைபட்டுக் கிடக்கும். "இந்த வீட்டுக்கு யாரும் போன் போட முடியலைன்னு ஊரே சொல்லுது" என்று அத்தா முணுமுணுப்பார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குக் கடைசி லைப்ரரி முக்கால்வாசி இறங்கியிருந்தது. எதிர்வீட்டுப் பாண்டியம்மாள் கேட்டில் நின்று, "அக்கா, ஒங்க லைன் கெடைக்கலைன்னு பாப்பா எங்க வீட்டுக்குப் போட்டிருக்கு, வாங்க, கொரலு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது, நிலோபர். விழவில்லை என்று உனக்கு எழுத மனம் வரவில்லை. எழுந்து போன நேரத்தில் லைன் அறுந்தால் முதலிலிருந்து இறக்க வேண்டுமே என்று திரையை விட்டு நகராமல், பத்து நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். பிறகு அது இறங்கியது, கம்பைல் ஓடியது, வரிவரியாய் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அஸருக்கு பாங்கு சொன்னபோதுதான் உன் ஞாபகம் வந்தது. கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை ஊரில் இல்லாமல், ஆஸ்பத்திரியில் தனியாக நின்று, கையெழுத்துப் போடவா என்று என்னிடம் கேட்கத்தான் நீ கூப்பிட்டாய் என்பதை நேற்று உன் மாமியார் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

உன்னோடு பேசத்தானே இதைச் செய்தேன் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பாதிதான் உண்மை. பி.எஸ்சி. கணக்கு முடித்த கையோடு அடுப்படிக்கு வந்தவள் நான். ஒரு பிழை ஏன் வந்தது என்று யோசித்து, சரிசெய்து, அடுத்த பிழைக்கு நகர்வது அத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்கு ருசித்தது. அந்த நேரம் எனக்கு நீ இடைஞ்சலாக இருந்தாய். படித்தது தப்பில்லை, உன்னை அப்படி நினைத்ததுதான் தப்பு.

இன்னொன்றும் உண்டு. கம்பைல் நல்லபடியாக முடிந்தால் அது முடிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாது, கர்சர் மட்டும் வந்து நிற்கும். கோளாறு இருந்தால்தான் கத்தும். அதையே பார்த்துப் பழகி, நீ மறுபடி கூப்பிடாமல் இருந்ததையும் நல்லபடி என்றே எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஊர் திரும்பியிருந்த மாப்பிள்ளை போனில் "வேலையா இருக்கா மாமி" என்றதும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நேற்று இரண்டு தடவை போன் செய்தேன். தூங்குகிறாள் என்றார் மாப்பிள்ளை. இரண்டாவது தடவை பின்னால் உன் குரல் கேட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

புரோகிராம் இப்போது ஓடுகிறது, அதில் உன் பெயரும் இருக்கிறது. அதில் வரச் சொல்லி உன்னைக் கேட்க மாட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து வயரைப் பிடுங்கிப் போனில் மாட்டிவிட்டேன். வரும் இருபத்தைந்தாம் தேதிக்கு மதுரையிலிருந்து உன் புனேவுக்கு எனக்கு மட்டும் டிக்கெட் எடுக்க அத்தா போயிருக்கிறார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்து, தலை வாரிவிட்டு, நீ போகச் சொல்லும்வரை இருப்பேன். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் டிக்கெட்டை ரத்து செய்துகொள்ளலாம். ஆனால் அதை மாப்பிள்ளையை விட்டுச் சொல்லாதே. வர வேண்டாம் என்று சொல்லவாவது நீயே கூப்பிடு.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கையேந்துகிறேன்.

துஆவுடன்,
உன் அம்மா
அம்சத் பீவி