படம் வராத கம்ப்யூட்டர்

ஷார்ஜா, 14.3.2009

அன்புள்ள அம்மாவுக்கு அருண் எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி தேவலையா?

எங்க கேம்ப் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு, ஒரே பேஜாரு. நாலு பிரவுசர் போட்டுப் பார்த்து, லேசான ஒண்ணைப் புடிச்சேன். படம் வராம நிறுத்திட்டா, எழுத்து மட்டும் ஜல்தியா வந்துடுது. அதுக்கு ரூம் பசங்க டீ வாங்கிக் குடுத்தாங்க.

தங்கச்சி செல்வி, அப்பா அடக்கத்துப் படத்தையெல்லாம் விழுப்புரம் பிரவுசிங் சென்டர்லேர்ந்து அனுப்பியிருக்கா. இங்க வெறும் கட்டமாத்தான் தெரியுது. கம்ப்யூட்டர் பழசு, தொறக்கலைன்னு அவகிட்ட சொல்லிட்டேன். ஒரு பட்டனை அமுக்கினா தொறந்துடும்மா. மூணு வாரமா அமுக்கலை. அழுகையும் வரலை.

ஊர்லேர்ந்து யாராவது வந்தா வறுத்த மல்லாட்டை குடுத்தனுப்புங்க, இங்க கடையில விக்கிற வேர்க்கடலை நம்மூர் ருசி இல்லை. வேன் வந்துடுச்சு, டூட்டிக்குக் கிளம்பறேன். நான் அனுப்பின நீலச் சட்டையை அப்பாவுக்குப் போட்டுத்தானே எடுத்துக்கினு போனீங்க? அதை மட்டும் எழுதுங்க.

அருண்