கிணற்றுத் தண்ணீர் குடித்த பற்றறி

ஐயா,

உங்கள் காருக்குப் புதுப் பற்றறி வந்துவிட்டது. கடையிலிருந்து மாட்டு வண்டியில் என் காலடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். அதன் புளித்த நெடி இன்னும் என் சேலையை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் கை துடைக்கும் துணியில் அடிக்குமே, அதே நெடி. முன்பெல்லாம் அது எனக்குப் பிடிக்கும். இன்றைக்கு அதை முகரவே பிடிக்கவில்லை. நான் கேட்டு வந்த செய்தி அப்படி.

மலாயாவில் ரயில்வே வேலை பார்த்து, பென்சனோடு நம் ஊர் உடுவிலுக்குத் திரும்பியதும் நீங்கள் முதலில் செய்தது கிணறு வெட்டியதுதான். வீடு பிறகு. கார் அதற்கும் பிறகு. சுண்ணாம்புக் கல்லை வெடி வைத்துப் பிளந்து கண்ட ஊற்று அது. அயலெல்லாம் குடத்தோடு வந்து அள்ளும்போது நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து நானும் அம்மாவும் சிரிப்போம். எந்தப் பெரிய மனிதர் வீட்டுக்கு வந்தாலும் தேத்தண்ணிக்கு முன்னால் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர் குடித்தாக வேண்டும். "முதல்ல தண்ணியைக் குடியுங்கோ, பிறகு கதைப்பம்" என்பீர்கள். தண்ணீர் கொதிக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை அம்மா கத்தியால் சுரண்டினால்கூட உங்களுக்குப் பொறுக்காது. "அது ஊத்தையில்லை, சத்து" என்று சண்டைக்கு வருவீர்கள்.

அந்தத் தண்ணீரை நீங்கள் காருக்கும் கொடுத்தீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் காரைக் கழுவி, முன்பக்கத்தில் திருநீறு பூசி, அடிப்பலகையைத் தூக்கிப் பற்றறியின் மூடிகளைத் திறந்து, அப்போதுதான் அள்ளிய தண்ணீரைச் செம்பால் பார்த்துப் பார்த்து வார்ப்பீர்கள். "அதுக்கும் தாகம் இருக்கும்தானே, பிள்ளை" என்பீர்கள். எனக்கு அது பூசை போலத்தான் இருந்தது.

ஆனால் எந்தப் பற்றறியும் உங்களிடம் நெடுநாள் தாக்குப்பிடித்ததில்லை. அதற்கு நீங்கள் கண்ட காரணம் ஒன்றே ஒன்று. யாழ்ப்பாணப் பட்டணத்துக் கடை முதலாளி கள்ளன். "பழசுக்குக் கறுப்படிச்சு விக்கிறான்" என்று சந்தியில் நின்று சொன்னீர்கள். உலக யுத்த காலத்தில் வேறெங்கும் பற்றறி அகப்படாதபோது, வாய் நிறையத் திட்டிக்கொண்டே அவரிடம்தான் ஆளனுப்பி வாங்கினீர்கள். நீங்கள் சொன்னால் ஊர் நம்பும். நாங்கள் நம்பாமல் இருப்போமா?

அந்த மத்தியானத்தை எழுத எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டீர்கள். உங்கள் மருமகன் காரைக் கிளப்பப் பார்த்தார். ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. முன்னால் இரும்புத் தண்டைச் செருகி, கை புண்ணாகும் வரை சுழற்றிப் பார்த்தார். பற்றறி முழுதாகச் செத்திருந்தால் அப்படிச் சுழற்றியும் பயனில்லையாம். கடைசியில் பக்கத்து வீட்டு மாட்டு வண்டிதான். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு நீங்கள் சொன்ன கடைசி வார்த்தை, "கள்ளன் ஏமாத்திப் போட்டான்." ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது நீங்கள் இல்லை.

அதற்குப் பிறகு கார் கொட்டிலிலேயே கிடந்தது. இப்போது அம்மாவுக்கும் மூச்சு வாங்குகிறது. அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடும் நிலை வரக்கூடாது என்றுதான் பற்றறி வாங்கப் புறப்பட்டேன். யுத்தம் முடிந்தும் தட்டுப்பாடு முடியவில்லை. பட்டணம் முழுக்கக் கேட்டுப் பார்த்து, வேறு வழியில்லாமல் அந்தக் கடைக்கே போனேன். சும்மா போகவில்லை. செத்த பற்றறியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நாக்கைப் பிடுங்குவதுபோல் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் போனேன்.

"இது நீங்கள் வித்த சாமான். இதாலைதான் எங்கடை ஐயா செத்தவர்" என்றேன்.

முதலாளி கதிரையை விட்டு எழும்பவில்லை. மூடிகளைத் திருகித் திறந்து உள்ளே பார்த்தார். ஒரு கம்பியை விட்டுச் சுரண்டி எடுத்து என் முன்னால் நீட்டினார். நுனியில் வெள்ளைப் படை.

"கிணத்துத் தண்ணிதானே விட்டனீங்கள்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்கடை கிணத்துத் தண்ணிக்கு என்ன குறை?"

அவர் மேசையில் ஓங்கி அடித்தார். "உங்கடை ஐயாவும் இதையேதான் கேட்டவர்! முதல் பற்றறி வாங்கேக்கையே சொன்னனான். மழைத் தண்ணி விடுங்கோ, இல்லாட்டிக் காய்ச்சி வடிச்ச தண்ணி போத்திலிலை இருக்கு, வாங்குங்கோ, கிணத்துத் தண்ணி தகட்டைப் பழுதாக்கிப் போடும் எண்டு. 'ஊரெல்லாம் குடிக்கிற தண்ணி உன்ரை பெட்டிக்கு நஞ்சோ' எண்டு கத்திப்போட்டுப் போனவர். அதுக்குப் பிறகுதான் நான் கள்ளன்."

கம்பியைத் துணியில் துடைத்துக்கொண்டே, "செத்த வீட்டுக்கும் வந்தனான், பிள்ளை. வாசல் படலையடியிலை நிண்டு பாத்திட்டுத் திரும்பினனான். ஒருத்தரும் உள்ளுக்கு வா எண்டு சொல்லேல்லை" என்றார்.

ஐயா, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது! முதல் நாளே ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வெள்ளிக்கு வெள்ளி அந்தத் தண்ணீரையே வார்த்தீர்கள். என் மடியில் கிடந்து அவரைக் கள்ளன் என்றீர்களே, அப்போது மனதார நம்பித்தான் சொன்னீர்களா? இதைக் கேட்க எனக்கு இனி ஆளில்லை.

கடையில் பற்றறிகள் மூன்று இருந்தன. ஒன்றும் விளங்காமல் பெரியதைக் காட்டினேன். "உது பட்டாளத்து லொறிக்கு. பன்னிரண்டு வோல்ட். உங்கடை காருக்கு ஆறுதான். பூட்டினால் பல்ப் எல்லாம் எரிஞ்சு போகும்" என்றார். அடுத்ததில் கை வைத்தேன். "அது பெட்டிதான் புதுசு. உள்ளுக்குப் பழசு, ஒரு மாரிகாலம் தாங்காது. இருக்கிறதுக்குள்ளை சின்னன்தான் நல்லது, அதை எடுங்கோ." நான் கேட்காமலே சொன்னார். ஏமாற்ற நினைத்திருந்தால் என்னைப் போல வாய்ப்பான ஆள் அவருக்கு எங்கே கிடைக்கும்?

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "கள்ளன் இந்த முறையும் ஏமாத்தினவனோ?"

"அவர் கள்ளனில்லை, அம்மா."

"அப்ப அண்டைக்கு ஏன் கார் கிளம்பேல்லை?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. கடையில் கேட்டதை அப்படியே சொன்னேன். அம்மா அழுவார் என்று நினைத்தேன். மூச்சு வாங்க வாங்க எழும்பி நின்றார். "பொத்தடி வாயை! செத்த மனுசன்ரை தலையிலையோ பழியைப் போடுறாய்?" என்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐயா, இவ்வளவு நாளும் யாரோ ஒருவன் உங்களைக் கொன்றுவிட்டான் என்று சொல்லி அழுதோம். அப்படி அழுவது எவ்வளவு சுகமாக இருந்தது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஆனால் உங்கள் மேல் உள்ள பாசம் ஒரு துளிகூடக் குறையவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.